காய்ச்சலுக்கு எந்தப் பரிசோதனை?

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் சென்னையின் மேற்குப் புறநகரில் காய்ச்சல் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது டெங்குதான். ரத்தப் பரிசோதனையில் 'டெங்கு இல்லை' என்று வந்துவிட்டால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. ஆனால், டெங்கு இல்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றல்ல. அந்த நிம்மதியில் கழியும் இரண்டு, மூன்று நாள்களுக்குள் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று உறுப்பு உறுப்பாகப் பரவக்கூடிய வேறொரு காய்ச்சல் நம்மிடையே இருக்கிறது. தமிழில் அதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறோம். மருத்துவப் பெயர் ஸ்க்ரப் டைபஸ்.

திருமழிசையில் பொது மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, இந்த நோயைவிட அதற்கான பரிசோதனைகளைப் பற்றிய குழப்பமே பெரிதாகத் தெரிகிறது. ஐந்து, ஆறு நாள் காய்ச்சலோடு வருகிறவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு கோப்பு இருக்கும். அதில் 'ஃபீவர் பேக்கேஜ்' என்ற பெயரில் பத்துப் பன்னிரண்டு பரிசோதனை முடிவுகள் இருக்கும். ஒன்றில் பாசிட்டிவ், மற்றொன்றில் நெகட்டிவ், வேறொன்றில் 'சந்தேகத்துக்குரியது' என்று எழுதியிருக்கும். எந்தப் பரிசோதனை எதற்காக, காய்ச்சலின் எத்தனையாவது நாளில் செய்யப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் அந்தக் கோப்பில் விடை இருப்பதில்லை. பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடுவதால் தெளிவு கூடிவிடாது. உரிய நாளில் உரிய பரிசோதனையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தெளிவு இருக்கிறது.

ஒரே பெயர், வெவ்வேறு உயிரிகள்

'உண்ணி' என்ற நமது சொல் பரந்தது. மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்துப் பருக்கும் உயிரியும் உண்ணி. புதரிலும் புல்லிலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாமல் இருக்கும் சிற்றுயிரியும் உண்ணி. ஆனால், இவை பரப்பும் நோய்கள் வேறு. அவற்றுக்கான பரிசோதனைகளும் வேறு.

ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது மாட்டுண்ணியோ நாயுண்ணியோ அல்ல. புதர்ச் செடிகளில் வாழும் மைட் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிரியின் இளம்புழு அது. எலி போன்ற கொறி விலங்குகளின் உடலில் ஒட்டி உணவெடுக்கும் இந்த இளம்புழு, புதருக்குள் வரும் மனிதரையும் கடிக்கிறது. அப்போது உடலுக்குள் நுழையும் 'ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி' என்ற பாக்டீரியாவே நோய்க்குக் காரணம். கடிபட்டது பெரும்பாலும் தெரியாது, வலியும் இருக்காது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஆறு முதல் 21 நாள்கள் வரை ஆகலாம் என்பதால், 'உண்ணி ஏதும் கடித்ததா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலே வரும். அந்தப் பதிலை வைத்து நோயை விலக்கிவிட முடியாது.

நாயுண்ணி பரப்புவது இந்திய உண்ணி டைபஸ். இதற்குக் காரணம் 'ரிக்கெட்சியா கொனோரியை' என்ற பாக்டீரியா. காய்ச்சலோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றினால் இதை நினைக்க வேண்டும். கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் 1957ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுநோயைப் பரப்புவது காட்டு உண்ணி, நோய்க்காரணி வைரஸ். குரங்குகள் இறந்துவிழுவது அதன் முன்னறிவிப்பு. வயநாடு, நீலகிரி எல்லை வரை அதன் தடம் காணப்பட்டிருப்பதால் காட்டோர மக்களும் வனப் பணியாளர்களும் அதை மறக்கக் கூடாது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாகப் பேசப்படும் லைம் நோயைப் பரப்புவது இன்னொரு வகை உண்ணி.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒரே 'உண்ணிப் பரிசோதனை' கிடையாது. ஒரு கிருமிக்கான பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தால், அது மற்றக் கிருமிகளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நம் மாவட்டங்களில் நோயின் தடம்

ஸ்க்ரப் டைபஸ் புதிய நோயல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அசாம் - பர்மா எல்லையில் படைவீரர்களை வாட்டிய நோய் இது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் பேசப்படாமல் இருந்த இதனை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. தென்னிந்தியாவில் குளிர்ந்த மாதங்களில் இந்த நோய் தலைதூக்குகிறது என்பதை அக்கட்டுரை எடுத்துக்காட்டியது.

அதன் பிறகு தெரியவந்திருப்பவை நம்மை உலுக்க வேண்டியவை. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32 ஆயிரம் பேரை வீடுவீடாகத் தொடர்ந்து கண்காணித்து, வேலூர் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2025ஆம் ஆண்டு வெளியானது. ஊரக மக்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அது கண்டறிந்தது. தொற்று ஏற்பட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால், கடும் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இது இருக்கிறது.

2025 தொடக்கத்தையொட்டித் தமிழகப் பொது சுகாதாரத் துறை விடுத்த எச்சரிக்கையில் இடம்பெற்ற மாவட்டங்களில் சென்னை, காஞ்சிபுரம், வேலூர் ஆகியவற்றோடு நமது திருவள்ளூரும் ஒன்று. இது கிராமத்து நோய், வயலில் வேலை செய்வோருக்கு வருவது என்ற எண்ணம் இனிப் பொருந்தாது. திருமழிசையைச் சுற்றிப் பாருங்கள். ஒருபுறம் சிட்கோ தொழிற்பேட்டை, மறுபுறம் பெங்களூரு நெடுஞ்சாலை. இடையில் மனைகளாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் வீடு கட்டப்படாமல் முட்புதர் மண்டிக் கிடக்கும் நிலங்கள். அந்தப் புதர்களில் எலிகள் இருக்கின்றன. எலிகள் இருக்கும் புதரில் மைட்டும் வாழ முடியும். நிலத்தைத் துப்புரவாக்கும் தொழிலாளி, மனையைப் பார்க்க வருபவர், புதரோரத்தில் விளையாடும் குழந்தை என எவருக்கும் கடி நேரலாம். வயலும் காடும் நகரமாக மாறும் இடைக்காலத்தில் நோய்கள் உடனே விடைபெற்றுவிடுவதில்லை.

முதல் பரிசோதனை கண்ணால் செய்வது

ஸ்க்ரப் டைபஸுக்கு மிக மலிவான, மிக விரைவான பரிசோதனை ஒன்று உண்டு. அது நோயாளியின் உடலை உச்சி முதல் பாதம் வரை பார்ப்பது. மைட் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று உருவாகும், சுற்றிலும் சிவந்திருக்கும். வலிக்காது, அரிக்காது. அது அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் உடை இறுக்கும் இடம், காதின் பின்புறம், பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதி எனப் பெரும்பாலும் ஆடையும் மடிப்பும் மறைக்கும் இடங்களிலேயே இருக்கும். நோயாளி அதைப் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தாலும் சொல்லக் கூச்சப்படுவார்.

காய்ச்சலோடு இந்தப் பொருக்கும் இருந்தால், நம் பகுதியில் நோய் ஏறத்தாழ உறுதி. ஆனால், பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கணிசமான நோயாளிகளிடம் அது காணப்படுவதே இல்லை. கறுத்த நிறத்தோரிடம் சுற்றியுள்ள சிவப்பும் எளிதில் புலப்படாது.

அடுத்ததாக, எல்லாச் சிற்றூர்களிலும் செய்யக்கூடிய முழு ரத்த அணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் துப்புத் தருபவை. தட்டணுக்கள் குறைவது டெங்குவிலும் உண்டு, ஸ்க்ரப் டைபஸிலும் உண்டு. ஆனால், டெங்குவில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும். ஸ்க்ரப் டைபஸில் அவை இயல்பாகவோ கூடுதலாகவோ இருப்பதே வழக்கம். கல்லீரல் நொதிகள் உயர்ந்திருப்பதும் அடிக்கடி காணப்படுவது. இவை எதுவும் தனித்து நோயை உறுதிசெய்யாது. ஐயத்தைச் சரியான திசையில் திருப்பும்.

நாள் கணக்கே அடிப்படை

ரத்தத்தில் நோயைத் தேடுவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, கிருமியையே தேடுவது. மற்றொன்று, கிருமியை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புரதத்தைத் தேடுவது. கிருமி முதலில் வருகிறது. எதிர்ப்புரதம் பின்னர் வருகிறது. எந்தப் பரிசோதனையைத் தேர்வது என்ற கேள்வியின் விடை பெரும்பகுதி இந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது.

முதல் வாரத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை பொருத்தமானது. ரத்தத்தைவிடப் பொருக்கிலிருந்து எடுக்கும் மாதிரி இன்னும் நம்பகமானது. சிகிச்சை தொடங்கிவிட்டால் ரத்தத்தில் கிருமி விரைவாகக் குறைந்துவிடும் என்பதால், மாதிரியை முதல் மாத்திரைக்கு முன்பே எடுப்பது நல்லது. மாதிரி எடுப்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

காய்ச்சலின் ஐந்தாம் நாளுக்குப் பிறகு, குறிப்பாக ஒரு வாரத்தை ஒட்டி, ஐஜிஎம் எலைசா பரிசோதனை கைகொடுக்கும். கிருமியின் மேலுறைப் புரதம் பூசப்பட்ட சிறு குழிகளில் நோயாளியின் ரத்த நீரைவிட்டு, எதிர்ப்புரதம் ஒட்டிக்கொண்டால் உண்டாகும் நிறத்தின் அடர்த்தியை இயந்திரம் அளக்கிறது. இன்றைக்கு நமது நாட்டில் நடைமுறைக்கு மிகவும் உகந்த பரிசோதனை இதுவே. ஆனால், காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்த மாதிரியில் ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தால், அந்த முடிவுக்கு அநேகமாக மதிப்பே இல்லை. எதிர்ப்புரதம் உருவாகாத நாளில் அதைத் தேடியிருக்கிறோம், அவ்வளவுதான். ஐயம் தொடர்ந்தால் சில நாள்கள் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

அட்டை வடிவில் சில நிமிடங்களில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனைகளும் உண்டு. இயந்திரம் தேவையில்லை என்பது அவற்றின் பலம். தயாரிப்புக்குத் தயாரிப்பு தரம் மாறுபடுவது பலவீனம்.

ஒளிரும் சாயத்தைக் கொண்டு நுண்ணோக்கியில் எதிர்ப்புரதத்தைப் பார்க்கும் 'இம்யூனோஃபுளோரசன்ஸ்' முறை நெடுங்காலமாக உரைகல்லாகக் கருதப்படுகிறது. காய்ச்சலின்போது ஒரு மாதிரி, இரண்டு வாரங்கள் கழித்து மற்றொரு மாதிரி எடுத்து, எதிர்ப்புரத அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் நோய் உறுதி. ஆனால், அந்த இரண்டாவது முடிவு வரும்போது நோயாளி குணமடைந்து வேலைக்குப் போயிருப்பார். அல்லது காலம் கடந்திருக்கும். ஆய்வுக்கு அது உரைகல். படுக்கையில் கிடப்பவருக்கு அது உடனடி உதவியல்ல.

நூறாண்டைத் தாண்டிய ஒரு பரிசோதனை

இத்தனைக்குப் பிறகும் பல ஊர்களில் இன்றும் செய்யப்படுவது வைல் - ஃபெலிக்ஸ் பரிசோதனை. எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் 1916ஆம் ஆண்டையொட்டி உருவாக்கியது இது. டைபஸ் நோயாளியின் ரத்த நீர், தொடர்பே இல்லாத 'புரோட்டியஸ்' என்ற பாக்டீரியாவைத் திரளச் செய்வதை அவர்கள் கவனித்தார்கள். இரு கிருமிகளின் மேற்பரப்பிலும் ஒத்த கூறுகள் இருப்பதே இதற்குக் காரணம். ஸ்க்ரப் டைபஸுக்கு 'ஓஎக்ஸ் - கே' என்ற புரோட்டியஸ் வகை பயன்படுகிறது. அதன் பயன் தெரியவந்தது 1920களில் மலாயாவில். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் புல்லும் புதரும் வெட்டிய தொழிலாளர்களின் காய்ச்சலை ஆராய்ந்தபோது. தோட்டத் தொழிலுக்காக மலாயா சென்ற தமிழர் வரலாற்றோடு உறவுடைய நோய் இது.

மறைமுகமான குறிகாட்டி என்பதால் வைல் - ஃபெலிக்ஸ் பல நோயாளிகளைத் தவறவிடுகிறது. புரோட்டியஸ் கிருமியால் சிறுநீர்த் தொற்று ஏற்பட்டவரிடம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டவும் செய்யும். வேறு வசதியே இல்லாத இடத்தில், மருத்துவரின் ஐயத்துக்குத் துணையாக அதைப் பயன்படுத்தலாம். எலைசா கிடைக்கும் தூரத்தில் இருக்கும் நமக்கு, அதை மட்டும் நம்பி நோயை உறுதிசெய்யவோ விலக்கவோ காரணம் இல்லை. டைபாய்டுக்கான வைடால் பரிசோதனைக்கும் இதே தீர்ப்புதான். தனித்த ஒரு வைடால் முடிவை வைத்து 'டைபாய்டு' என்று முடிவுகட்டுவதால், ஸ்க்ரப் டைபஸ் நோயாளிக்கு அந்தக் கிருமியை அண்டாத ஊசி மருந்து நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.

'பாசிட்டிவ்' என்பதன் பொருள்

படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. 'பரிசோதனை 95 சதவீதம் துல்லியமானது; எனக்குப் பாசிட்டிவ்; ஆகவே எனக்கு நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பு' என்று எண்ணுகிறோம். கணக்கு அப்படி இல்லை. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம்.

நோய் உள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விலக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். டிசம்பர் மாதத்தில் ஒரு வாரக் காய்ச்சல், தட்டணுக் குறைவு, கல்லீரல் பாதிப்போடு வரும் 1,000 பேரில் 300 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், பரிசோதனை 270 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 700 பேரில் 35 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஆக, பாசிட்டிவ் என்று வந்த 305 பேரில் 270 பேர், அதாவது 100க்கு 89 பேர், உண்மையான நோயாளிகள்.

அதே பரிசோதனையைக் காய்ச்சலே இல்லாமல் உடல் வலி, சோர்வு என்று வரும் 1,000 பேருக்குச் செய்வோம். அவர்களில் 10 பேருக்குத்தான் நோய் இருக்கிறது என்றால், ஒன்பது பேர் சரியாகக் கண்டறியப்படுவார்கள். நோயில்லாத 990 பேரில் ஏறத்தாழ 50 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். மொத்தம் 59 பாசிட்டிவில் உண்மை ஒன்பது மட்டுமே. 100க்கு 15 பேர். பரிசோதனை மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை; யாருக்குச் செய்தோம் என்பது மட்டும் மாறியது. காரணமில்லாமல் செய்யும் பரிசோதனை வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை. அது பொய்யான விடையையும் உற்பத்தி செய்கிறது.

நமது பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஐஜிஎம் எதிர்ப்புரதம் நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கியிருக்கலாம். ஊரக மக்களில் ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை தொற்றுக்கு ஆளாகும் மாநிலத்தில், இன்றைய காய்ச்சலுக்கு டெங்கு காரணமாக இருக்க, சென்ற ஆண்டின் ஸ்க்ரப் டைபஸ் தொற்று ஐஜிஎம்மில் எதிரொலிக்கக்கூடும். எனவேதான் ஆய்வகம் 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், அளவீட்டையும் வரம்பு எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். வரம்பை ஒட்டிய எண்ணும் அதைப்போல் பல மடங்கு உயர்ந்த எண்ணும் ஒரே பொருள் தருவன அல்ல.

ஒன்றோடு ஒன்றாக வரும் தொற்றுகள்

உண்ணி கடியால் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று கிருமிகள் தொற்றக்கூடும் என்பது லைம் நோய் பரவியுள்ள நாடுகளில் கவனிக்கப்படும் ஒன்று. அங்கே லைம் நோயோடு அனாபிளாஸ்மா, பபீசியா ஆகிய கிருமிகளையும் தேடுகிறார்கள்; பபீசியா ரத்தச் சிவப்பணுக்களுக்குள் வாழ்வதால் மலேரியாவைப் போலவே ரத்தப் பூச்சில் தென்படும். நமது ஊரின் கூட்டுத் தொற்றுகள் வேறு. இங்கே ஸ்க்ரப் டைபஸோடு சேர்த்து நினைக்க வேண்டியவை டெங்கு, எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், மலேரியா, டைபாய்டு ஆகியவை. ஒரே மழைக்காலம் கொசுவையும் எலியையும் புதரையும் ஒருசேர வளர்க்கிறது.

இவற்றுக்கும் நாள் கணக்கே வழிகாட்டி. டெங்குவுக்கு முதல் ஐந்து நாள்களில் என்எஸ்1; அதன் பிறகு ஐஜிஎம். மலேரியாவுக்கு எந்த நாளிலும் ரத்தப் பூச்சு அல்லது விரைவுப் பரிசோதனை. அதுவும் காய்ச்சல் தொடர்ந்தால் திரும்பத் திரும்ப. டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்த வளர்ப்புப் பரிசோதனை. எலிக்காய்ச்சலுக்கு முதல் வாரத்தில் பிசிஆர், பிறகு ஐஜிஎம். இரண்டு பரிசோதனைகள் ஒருசேரப் பாசிட்டிவ் என்று வந்தால் அது உண்மையான இரட்டைத் தொற்றாகவும் இருக்கலாம். ஒன்று பழைய தொற்றின் எச்சமாகவோ குறுக்கு எதிர்வினையாகவோ இருக்கலாம். அந்த நேரத்தில் மருத்துவர் பார்க்க வேண்டியது தாளையல்ல, ஆளை. சிகிச்சையால் எளிதில் தீரக்கூடிய, சிகிச்சையின்றி உயிரைப் பறிக்கக்கூடிய நோயை முதலில் கையாள்வதே முறை.

லைம் நோய்: யாருக்கு வேண்டும்?

அமெரிக்காவில் நியூஜெர்சி, கனெக்டிகட் போன்ற இடங்களில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோர் என்னிடம் லைம் நோய் பற்றிக் கேட்பதுண்டு. கனெக்டிகட்டின் லைம் என்ற சிற்றூர்ப் பகுதியில் 1975ஆம் ஆண்டையொட்டிப் பல குழந்தைகளுக்கு மூட்டுவீக்கம் ஏற்பட்டதால் கவனத்துக்கு வந்த நோய் இது. வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிஞர் அதன் கிருமியைக் கண்டறிந்த ஆய்வு 1982இல் வெளியானது. அவர் பெயராலேயே அது 'பொரீலியா பர்க்டார்ஃபெரி' எனப்படுகிறது.

அந்த நாடுகளின் புல்வெளியிலோ காட்டிலோ நடந்து திரும்பியவருக்கு, 3 முதல் 30 நாள்களுக்குள் வட்டமாக விரிந்துகொண்டே போகும் செந்தடிப்பு தோன்றினால், ரத்தப் பரிசோதனையே தேவையில்லை, சிகிச்சையைத் தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் எதிர்ப்புரதம் உருவாகியிருக்காது என்பதால் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்து குழப்பும். உண்ணி கடித்த மறுநாளே ரத்தம் கொடுப்பதிலும் பயனில்லை. சில வாரங்கள் கழித்து முகவாதம், மூட்டுவீக்கம், இதயத் துடிப்பில் கோளாறு ஆகியவை தோன்றினால் இரண்டு கட்டப் பரிசோதனை செய்ய வேண்டும். முதலில் எலைசா, அதில் பாசிட்டிவ் அல்லது ஐயம் என்று வந்தால் மட்டும் வெஸ்டர்ன் பிளாட் அல்லது மற்றோர் எலைசா. நோய் தொடங்கி 30 நாள்களைத் தாண்டியவரிடம் ஐஜிஎம் பிளாட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகும் எதிர்ப்புரதம் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம் என்பதால், 'குணமாகிவிட்டதா?' என்று அறிய மறுபரிசோதனை உதவாது. சிறுநீரில் லைம் கிருமியைத் தேடுவது, சிடி57 அணுக்களை எண்ணுவது போன்றவை நிரூபிக்கப்படாத முறைகள். அவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம்.

இந்தியாவில் இமயமலைப் பகுதி, வடகிழக்கு மாநிலங்கள் முதலான இடங்களிலிருந்து லைம் நோய் பற்றிய அறிக்கைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளன. ஆயினும், அத்தகைய இடங்களுக்கோ அயல்நாட்டுக்கோ போகாத ஒரு பூந்தமல்லிவாசிக்கு, இணையத்தில் படித்ததை நம்பி லைம் பரிசோதனை செய்வது, மேலே போட்ட இரண்டாவது கணக்கில்தான் போய் முடியும். அவருடைய காய்ச்சலுக்குத் தேட வேண்டியது ஸ்க்ரப் டைபஸையே.

முடிவுக்குக் காத்திருப்பதன் விலை

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: ஸ்க்ரப் டைபஸ் என்று ஐயம் வலுத்தால், பரிசோதனை முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்திவைக்கக் கூடாது. ரிக்கெட்சியா நோய்களுக்காக 2015ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. போதிய மாதிரிகள் சேரட்டும் என்று ஆய்வகங்கள் எலைசாவைச் சேர்த்துவைத்துச் செய்வதுண்டு. முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகலாம். நோய்க்கு அந்தப் பொறுமை கிடையாது. சிகிச்சை பெறாதவர்கள் பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இறப்பு விகிதத்தின் இடைநிலை அளவு 6 சதவீதமாக இருந்தது. சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

மருந்தோ மிகப் பழையது, மலிவானது: டாக்சிசைக்ளின், கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசின். உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோருக்கு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் வேறு நோயையோ சிக்கலையோ தேட வேண்டும் என்பதால், அந்த மூன்று நாள்களே ஒருவகைப் பரிசோதனை. நோய் முற்றியவர்களுக்கு இவ்விரு மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்பதை, வேலூர் மருத்துவர்களின் தலைமையில் இந்தியாவின் ஏழு மையங்களில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் நிறுவியது. இறப்பு, நீடிக்கும் சிக்கல்கள், தணியாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் தனி மருந்து பெற்ற குழுக்களில் 47, 48 சதவீதம்; இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவில் 33 சதவீதம். உலகுக்கே வழிகாட்டிய இந்த விடை நமது மண்ணிலிருந்து கிடைத்தது. ஆனால், மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும்; மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதற்கானவை அல்ல இவை.

என்ன செய்ய வேண்டும்?

நோயாளியும் குடும்பத்தாரும் செய்யக்கூடியவை எளியவை. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்துவையுங்கள். எந்தப் பரிசோதனையையும் பொருள்கொள்ள அதுவே முதல் தேவை. புதர், வயல், காலிமனை, வெளியூர்ப் பயணம் பற்றிக் கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடலில் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே தேடுங்கள். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ 'டெங்கு நெகட்டிவ்' என்ற தாளை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

மருத்துவர்கள் ஒவ்வொரு பரிசோதனையையும் எழுதுமுன், 'இதன் முடிவு எதுவானாலும் என் சிகிச்சை மாறுமா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாறாது என்றால் அந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆய்வகங்கள் வைல் - ஃபெலிக்ஸ் முடிவையும் எலைசா முடிவையும் ஒரே தட்டில் வைத்து 'ஸ்க்ரப் டைபஸ் பாசிட்டிவ்' என்று எழுதுவதைக் கைவிட வேண்டும். எந்த முறை, எந்த அளவு, எந்த வரம்பு என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

அரசின் பங்கு இதைவிடப் பெரியது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மட்டுமல்லாமல், வட்ட அளவிலும் ஐஜிஎம் எலைசா முடிவு ஒரே நாளில் கிடைக்கும் ஏற்பாடு வேண்டும். அந்தந்தப் பகுதி மக்களிடம் எடுத்த அளவீடுகளின்படி எலைசாவின் வரம்பு எண் நிர்ணயிக்கப்பட வேண்டும். வேறொரு நாட்டின் வரம்பு நம் கிராமத்துக்குப் பொருந்தாது. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் குறைவின்றி இருக்க வேண்டும். கட்டப்படாத மனைகளின் புதரை அகற்றும் பொறுப்பு உரிமையாளருடையது என்பதை உள்ளாட்சி அமைப்புகள் டெங்குக் கொசுவுக்குக் காட்டும் அதே கண்டிப்போடு நடைமுறைப்படுத்த வேண்டும்.

ஸ்க்ரப் டைபஸால் நேரும் பெரும்பாலான இறப்புகளுக்கு மருந்தில்லாதது காரணமல்ல. நேரத்தில் நினைக்கப்படாததுதான் காரணம். ஐந்து நாள் காய்ச்சலோடு ஒருவர் வரும்போது, அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குளைப் பார்க்க ஆகும் நேரம் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான பேக்கேஜ் எந்த ஆய்வகத்திலும் விற்கப்படுவதில்லை.